மண்ணின் பெயரும் மண்ணின் அளவும்: சுடாத மண்கல் வடிவமைப்பில் இயந்திரக் கற்றலும் தமிழ்ச் சொற்புலமும்

ஆய்வுச் சுருக்கம்

சிமெண்ட்டின் பயன்பாட்டைக் குறைத்து, அந்தந்த இடத்து மண்ணைக் கொண்டே கட்டடப் பொருள்களை உருவாக்கும் முயற்சியில் இன்று இயந்திரக் கற்றல் முறைகள் பயன்படுத்தப்படுகின்றன. மண், நீர், நிலைப்படுத்தி ஆகியவற்றின் அளவுகளை உள்ளீடாகக் கொண்டு, கல்லின் வலிமையைக் கணித்துச் சொல்வதும் வேண்டிய வலிமைக்குரிய கலவையைத் தேடித் தருவதும் இம்முறைகளின் பணியாகும். இக்கணிப்பின் நம்பகத்தன்மை, கணக்கீட்டு முறையைக் காட்டிலும் மண் எவ்வாறு விவரிக்கப்படுகிறது என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது. தமிழில் வழங்கும் மண் பெயர்கள் சில அளவைகளுக்கு எட்டாத செய்தியைத் தாங்கியுள்ளன. வேறு சில பல்பொருள் ஒருமொழியாக நின்று தரவைக் குழப்புகின்றன. இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்திக் காட்டி, பெயரையும் அளவையும் இணைக்கும் சொற்பதிவு முறை ஒன்றை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச் சொற்கள்: மண்கல், இயந்திரக் கற்றல், நிலைப்படுத்தி, பதம், மண் பெயர்கள், வட்டார வழக்கு, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

உலக அளவில் மனிதச் செயல்களால் வெளியேறும் கரியமிலவாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் உண்டாகிறது. சுண்ணாம்புக்கல்லும் களியும் கலந்த கலவையைச் சூளையில் ஏறக்குறைய 1450 பாகை செல்சியஸ் வரை சூடாக்கியே சிமெண்ட் பெறப்படுகிறது. அப்போது எரிபொருளிலிருந்து வெளியேறும் வாயுவைவிடச் சுண்ணாம்புக்கல் சிதைவதால் வெளியேறும் வாயுவே மிகுதி. எனவே, எரிபொருளை மாற்றுவதால் மட்டும் இச்சிக்கல் தீர்ந்துவிடாது. சிமெண்ட்டின் தேவையையே குறைத்தாக வேண்டும். செங்கல்லுக்கும் 900 பாகைக்குமேல் சூளை வெப்பம் தேவைப்படுகிறது.

இந்நிலையில்தான் சுடாத மண்கல் மீண்டும் கவனம் பெற்றுள்ளது. மண்ணுடன் சிறிதளவு சிமெண்ட்டோ சுண்ணாம்போ சேர்த்து, அளவான நீர் விட்டு, அச்சுப்பொறியில் அழுத்தி, சூளையில் இடாமல் நீர் தெளித்துப் பதப்படுத்திப் பெறுவது இக்கல். கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் 1950களில் உருவாக்கப்பட்ட ‘சின்வா-ராம்’ என்னும் கையியக்க அச்சுப்பொறி இதனை உலகெங்கும் கொண்டுசென்றது. இந்தியாவில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் 1974இல் தொடங்கப்பட்ட ‘அஸ்த்ரா’ என்னும் ஊரகத் தொழில்நுட்ப மையமும், விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில் 1989 முதல் இயங்கிவரும் மண் கட்டடக்கலை நிறுவனமும் இத்துறையில் நெடுநாள் உழைத்துள்ளன. ஆரோவில்லின் பார்வையாளர் மையக் கட்டடம் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தியின் பெயரிலான விருதினை 1992இல் பெற்றது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் நிலைப்படுத்திய மண்கல்லுக்கெனத் தனித் தரநிலை வகுத்து, அதனை 2013இல் திருத்தி வெளியிட்டது.

பட்டறிவும் தரநிலையும் இவ்வாறு இருந்தும் மண்கல் பரவலாகாததற்கு அடிப்படைக் காரணம் ஒன்று உண்டு. சிமெண்ட் ஆலையில் செய்யப்படுவதால் மூட்டைக்கு மூட்டை மாறுவதில்லை. மண்ணோ ஊருக்கு ஊர் மாறுவது. ஒரே குழியில் மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும்கூட வேறுபடுவது. ஓரிடத்தில் வெற்றிபெற்ற கலவை மற்றோரிடத்தில் மழையில் கரைகிறது. இம்மாறுபாட்டைக் கையாளவே இயந்திரக் கற்றல் அழைக்கப்பட்டுள்ளது. அது எந்த அளவு கைகொடுக்கும், அதில் தமிழாய்வுக்கு இடம் உண்டா என்பன இக்கட்டுரை எழுப்பும் வினாக்கள்.

1. மண்கல்லின் உள்ளியக்கம்

மண் என்பது தனிப்பொருள் அன்று. பரல், மணல், வண்டல், களி என நால்வகைத் துகள்களின் கூட்டு அது. இந்தியப் பொறியியல் வகைப்பாட்டின்படி 4.75 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவை பரல், 0.075 முதல் 4.75 மில்லிமீட்டர் வரை மணல், 0.002 முதல் 0.075 மில்லிமீட்டர் வரை வண்டல், 0.002 மில்லிமீட்டருக்குக் கீழ்ப்பட்டவை களி. மணலும் பரலும் கல்லுக்கு எலும்புக்கூடாக அமைகின்றன. களி அவற்றைப் பிணைக்கிறது. களி குறைந்தால் கல் உதிரும். மிகுந்தால் உலரும்போது வெடிக்கும்.

இப்பிணைப்பு நீரில் கரையக்கூடியது என்பதால்தான் நிலைப்படுத்தி சேர்க்கப்படுகிறது. மணற்பாங்கான மண்ணுக்குச் சிமெண்ட் பொருந்தும். களி மிகுந்த மண்ணுக்குச் சுண்ணாம்பு பொருந்தும். சுண்ணாம்பு களியோடு மெல்ல வேதிவினை புரிந்து இறுகும் தன்மையுடையது. அனல்மின் நிலையச் சாம்பல், இரும்பாலைக் கசடு ஆகியவற்றைக் காரக் கரைசலால் இறுகச் செய்து நிலைப்படுத்தியாகக் கொள்ளும் முறையும் ஆராயப்பட்டுவருகிறது.

நிலைப்படுத்தியின் அளவே இங்குத் திறவுகோல். எடுத்துக்காட்டாக, ஒரு கல்லின் எடை 8 கிலோ எனவும், ஒரு வீட்டிற்கு 10,000 கற்கள் வேண்டும் எனவும் கொள்வோம். 5 விழுக்காடு சிமெண்ட் சேர்த்தால் மொத்தத் தேவை 4 டன். 8 விழுக்காடு சேர்த்தால் 6.4 டன். ஒரு டன் சிமெண்ட்டுக்கு முக்கால் டன் அளவில் கரியமிலவாயு வெளியேறுவதாகக் கணக்கிட்டால், இவ்விரு கலவைகளுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு வீட்டிற்கே ஏறத்தாழ 1.8 டன் ஆகிறது. மண்ணின் இயல்பு தெரியாதபோது ‘எதற்கும் இருக்கட்டும்’ எனக் கூடுதல் சிமெண்ட் சேர்ப்பதே கட்டுவோரின் வழக்கம். அவ்வாறு சேர்க்கச் சேர்க்க, மண்கல் எந்த நோக்கத்திற்காக மேற்கொள்ளப்பட்டதோ அந்நோக்கம் தேய்கிறது. அறியாமையின் விலையைச் சிமெண்ட்டாகச் செலுத்துகிறோம் எனலாம். மாறாக, அளவு குறைந்துபோனால் சுவர் மழைக்குத் தாங்காது. அச்சுவருக்குள் வாழ்வோர் பெரும்பாலும் வேறு வீடு கட்டிக்கொள்ள இயலாதோர். எனவே, சரியான கணிப்பு என்பது சுற்றுச்சூழல் சிக்கனம் மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும்.

2. இயந்திரம் கற்கும் முறை

கட்டடப் பொருளியலில் இயந்திரக் கற்றலுக்கு முன்னோடி, கான்கிரீட் பற்றிய ஆய்வுகளே. தைவான் நாட்டு ஆய்வாளர் இ-செங் யே உயர்திறன் கான்கிரீட்டின் வலிமையைச் செயற்கை நரம்பு வலைப்பின்னலால் கணிக்கும் ஆய்வினை 1998இல் வெளியிட்டார். அவர் பொதுப்பயன்பாட்டிற்கு வழங்கிய தரவுத்தொகுதியில் 1030 பதிவுகள் உள்ளன. சிமெண்ட், கசடு, சாம்பல், நீர், நீர்குறைப்பி, பருஞ்சல்லி, நுண்சல்லி, நாள் என எட்டு உள்ளீட்டு மாறிகளும் அமுக்க வலிமை என்னும் ஒரு வெளியீடும் ஒவ்வொரு பதிவிலும் இடம்பெறுகின்றன. இத்தொகுதி இன்றளவும் புதிய முறைகளைச் சோதிப்பதற்குரிய உரைகல்லாக விளங்குகிறது.

மண்கல்லுக்கும் இதே வழி பின்பற்றப்படுகிறது. துகள் அளவு விகிதம், நீர்ம எல்லை, நெகிழ் எல்லை, நிலைப்படுத்தியின் வகையும் அளவும், நீரின் அளவு, அழுத்தம், பதப்படுத்திய நாள் ஆகியன உள்ளீடுகள். நீரில் ஊறவைத்த கல்லின் அமுக்க வலிமை, மழைநீர்த் தெளிப்பில் ஏற்படும் அரிப்பு போன்றன வெளியீடுகள். இவற்றுக்கிடையிலான உறவு நேர்க்கோட்டு உறவன்று. நீர் கூடக்கூட அழுத்திய மண்ணின் செறிவு ஓர் எல்லை வரை உயர்ந்து பின்னர்க் குறைகிறது. களியின் அளவும் அவ்வாறே. எனவே, எளிய நேர்க்கோட்டுச் சமன்பாடுகள் இங்குப் பயன்படா.

லியோ பிரைமன் 2001இல் விளக்கிய ‘சமவாய்ப்புக் காடு’ என்னும் முறை இத்தகைய உறவுகளுக்குப் பெரிதும் பயன்படுகிறது. ‘களி 15 விழுக்காட்டிற்கு மேலா? ஆம் எனில், சுண்ணாம்பு உண்டா?’ என்றவாறு வினாக்களால் கிளைத்துச் செல்லும் அமைப்பு முடிவு மரம் எனப்படும். தரவிலிருந்து வெவ்வேறு பகுதிகளைச் சமவாய்ப்பு முறையில் எடுத்து, நூற்றுக்கணக்கான மரங்களை வளர்த்து, அவற்றின் விடைகளைச் சராசரி செய்வது காடு. ஒரு மரம் தவறினாலும் காடு தவறுவது குறைவு என்பதே இதன் அடிப்படை.

வலிமையைக் கணிப்பது முதற்படி. கலவையைத் தேடுவது அடுத்த படி. வேண்டிய வலிமையைத் தந்து, ‘அவ்வலிமைக்கு மிகக் குறைந்த சிமெண்ட் கொண்ட கலவை எது?’ எனக் கேட்பது தலைகீழ் வடிவமைப்பு. வலிமை, செலவு, கரியமிலவாயு ஆகிய மூன்றையும் ஒருசேர முதன்மைப்படுத்த இயலாது. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றை இழக்கும் நிலையிலுள்ள கலவைகளின் வரிசையையே இயந்திரம் தரும். அவற்றுள் ஒன்றைத் தேர்வது மனிதரின் பொறுப்பு. மேலும், ஒரு கல்லைச் செய்து சோதிக்க வழக்கமாக 28 நாள் காத்திருக்க வேண்டியிருப்பதால், அடுத்து எந்தக் கலவையைச் சோதித்தால் மிகுதியான செய்தி கிடைக்கும் என்பதையும் இயந்திரத்திடம் கேட்கும் முறைகள் உள்ளன. காஸியன் செயல்முறை எனப்படுவது கணிப்போடு, அக்கணிப்பில் தனக்குள்ள ஐயத்தின் அளவையும் சேர்த்துத் தருவதால் இப்பணிக்கு ஏற்றதாகக் கருதப்படுகிறது.

3. ஒரு பானையும் பல பானைகளும்

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்னும் பழமொழி மாதிரி எடுத்தலின் விதியைச் சொல்வது. பானை முழுதும் ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே தீ என்பதால் ஒரு பருக்கை முழுமைக்கும் சான்றாகிறது. இரண்டு பானைகள் இருப்பின், ஒன்றில் எடுத்த பருக்கை மற்றொன்றுக்குச் சான்றாகாது என்பதும் இப்பழமொழியில் அடங்கிய செய்தியே. இயந்திரக் கற்றலில் நிகழும் பெரும்பிழை ஒன்று இவ்வெல்லையை மறப்பதால் விளைகிறது.

ஓர் ஆய்வில் 20 மண் வகைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் சிமெண்ட்டையும் நீரையும் மாற்றி 15 கற்கள் வீதம் செய்வதாகக் கொள்வோம். மொத்தம் 300 பதிவுகள். வழக்கமான முறையில் இவற்றைக் குலுக்கி, 240 பதிவுகளால் இயந்திரத்திற்குப் பயிற்சி அளித்து, எஞ்சிய 60 பதிவுகளால் சோதிப்பர். சோதனைக்கு வந்த ஒவ்வொரு கல்லின் உடன்பிறப்புகளும் பயிற்சித் தரவில் ஏற்கெனவே இருக்கின்றன. அதே மண்ணின் 5 விழுக்காட்டுக் கல்லையும் 7 விழுக்காட்டுக் கல்லையும் கண்ட இயந்திரம் 6 விழுக்காட்டுக் கல்லைச் சரியாகச் சொல்வதில் வியப்பில்லை. அறிக்கையில் துல்லியம் உயர்ந்து தோன்றும். ஆனால், புதிய ஊரில் புதிய மண்ணைத் தோண்டி அதன்முன் வைக்கும்போது அத்துல்லியம் நிலைப்பதில்லை.

இயந்திரம் கண்டது 300 கற்கள். கண்ட மண் 20 மட்டுமே. எனவே, சோதிக்கும்போது ஒரு மண்ணை முழுமையாக விலக்கி வைத்து, எஞ்சிய 19 மண்ணால் பயிற்றி, விலக்கிய மண்ணைக் கணிக்கச் சொல்லவேண்டும். இதனை 20 முறை மாற்றி மாற்றிச் செய்து பெறும் பிழையளவே களத்தில் எதிர்பார்க்கத்தக்க பிழையளவாகும். பழமொழியின் மொழியில் கூறின், ஒவ்வொரு பானைக்கும் தனித்தனியே பதம் பார்க்கவேண்டும்.

இதனுடன் மற்றொரு வரம்பும் உண்டு. சமவாய்ப்புக் காடு தான் கண்ட விடைகளைச் சராசரி செய்வதால், கண்ட எல்லைக்கு அப்பால் விடை கூற அதனால் இயலாது. செம்மண் தரவுகளை மட்டுமே கண்ட காட்டிடம் கரிசல் மண்ணைக் காட்டினாலும் அது செம்மண்ணுக்குரிய எண் ஒன்றையே தயக்கமின்றித் தரும். ‘இம்மண்ணை நான் அறியேன்’ என்று அது கூறுவதில்லை. அச்சொல்லைச் சொல்லக்கூடிய முறைகளையே மண்கல்லுக்குத் தேர்வது நன்று.

4. பதம்: சொல்லும் அளவும்

மண்ணின் இயல்பைக் கையால் அறியும் முறைகள் ஆய்வகங்களுக்கு முற்பட்டவை. ஈரமண்ணைக் கயிறாக உருட்டிப் பார்த்தல், உருண்டை பிடித்து நெஞ்சளவு உயரத்திலிருந்து விழவிட்டு உடையும் விதம் நோக்குதல், நீர் நிறைந்த புட்டியில் கலக்கிப் படியும் அடுக்குகளைக் காணல், முகர்தல், கையில் ஒட்டுவதைக் கவனித்தல் ஆகியன உலகெங்கும் மண் கட்டுமானத்தில் வழங்குவன. விழுந்த உருண்டை சில துண்டுகளாக உடைந்தால் ஈரம் சரி. தட்டையாய் அப்பினால் நீர் மிகுதி. பொடியாய்ச் சிதறினால் நீர் போதாது.

நவீன மண் பொறியியலின் அளவைகள் சில, இக்கையறிவை எண்ணாக்கியவையே. சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஆல்பர்ட் அட்டர்பெர்க் 1911இல் வகுத்த நெகிழ் எல்லை இதற்குச் சிறந்த சான்று. ஈரமண்ணை உள்ளங்கையால் இழையாக உருட்டி, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமனில் அது உதிரத் தொடங்கும்போது மண்ணிலுள்ள நீரின் அளவே நெகிழ் எல்லை. குயவரும் கொத்தரும் விரலால் உணர்ந்ததற்கு இங்கு ஓர் எண் கிடைத்தது. அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர் 1933இல் வெளியிட்ட சோதனை, மண்ணை மிக இறுக்கமாக அழுத்துவதற்கு உகந்த நீரளவைக் கண்டறிவது. இன்று இவ்விரு எண்களும் இயந்திரம் படிக்கும் அட்டவணையில் இரு நெடுவரிசைகளாக நிற்கின்றன.

தமிழில் இதற்குரிய சொல் ‘பதம்’. உழவர் ஏர் பூட்டுவதற்கு மண் பதமாக இருக்கிறதா எனக் காண்பர். சமையலில் பாகு பதம் உண்டு. கொத்தர் சாந்தின் பதம் பார்ப்பர். ‘பதம் பார்த்தல்’ என்னும் தொடரே சோதித்தல் என்னும் பொருளில் வழங்குகிறது. இச்சொல் வெறும் நிலையைக் குறிப்பதன்று. ஒரு செயலுக்குத் தகுந்த நிலையைக் குறிப்பது. உழவுக்குப் பதமான மண் கல் அறுக்கப் பதமாக இராது. ஆகவே, பதம் என்பது பொருளுக்கும் அதன் பயனுக்கும் இடையிலான உறவைச் சுட்டும் சொல் எனக் கொள்ளலாம்.

‘ஈரப்பதம்’ என்னும் இன்றைய கலைச்சொல்லை இவ்வகையில் நோக்குதல் தகும். வானிலை அறிவிப்பிலும் மண் அறிவியலிலும் இச்சொல் ஈரத்தின் அளவை மட்டும் குறிக்கிறது. ‘தகுதி’ என்னும் பொருட்கூறு அதில் மறைந்துவிட்டது. அதனால்தான் பிராக்டரின் அளவைத் தமிழில் கூற ‘உகந்த ஈரப்பதம்’ என, முன்பே பதத்திற்குள் இருந்த உகப்பை மீண்டும் அடையாகச் சேர்க்கவேண்டியுள்ளது. கலைச்சொல்லாக்கத்தில் இது குறையன்று. சொற்பொருள் மாற்றத்தின் இயல்பு. எனினும், களத்தில் கொத்தர் ‘பதம்’ என்பதும் ஆய்வகம் ‘ஈரப்பதம்’ என்பதும் ஒன்றல்ல என்பதை உணராமல் தரவு திரட்டினால், தகுதியைக் குறித்த கூற்று அளவாகப் பதிவாகிவிடும்.

5. மண் பெயர்களின் பொருட்சிக்கல்

அளவுகளோடு மண்ணின் பெயரையும் ஓர் உள்ளீடாகச் சேர்ப்பது இயந்திரக் கற்றலில் இயல்வதே. பெயரால் பயன் விளையுமா என்பது பெயரைப் பொறுத்தது. தமிழ் மண் பெயர்களை இந்நோக்கில் மூவகைப்படுத்தலாம்.

முதலாவது, அளவைக்கு மிகுதியான செய்தி தரும் பெயர்கள். ‘கரிசல்’ இதற்கு எடுத்துக்காட்டு. துகள் அளவுச் சோதனை களியின் விழுக்காட்டைக் கூறுமேயன்றி, அது எவ்வகைக் களி எனக் கூறாது. கரிசல் மண்ணில் மிகுந்துள்ள மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிக்கனிமம் தன் அடுக்குகளுக்கிடையே நீரை ஏற்று வீங்கும். உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். செம்மண்ணில் பரவலாகக் காணப்படும் கயோலினைட் அவ்வளவாக வீங்குவதில்லை. களி விழுக்காடு சமமாக உள்ள இருவேறு மண்கள் இதனால் முற்றிலும் மாறுபட்டு நடந்துகொள்கின்றன. கனிம வகையை அறியச் செலவுமிக்க கதிர்ச்சிதறல் கருவிகள் வேண்டும். ‘கரிசல்’ என்னும் ஒரு சொல் அச்செய்தியில் பெரும்பகுதியைச் செலவின்றித் தருகிறது.

இரண்டாவது, பரந்த பொருளுடைய பெயர்கள். ‘செம்மண்’ நிறத்தால் அமைந்த பெயர். இரும்பு ஆக்சைடால் சிவந்த மணற்பாங்கான மண்ணும் களிப்பாங்கான மண்ணும் இப்பெயருக்குள் அடங்கும். இத்தகைய பெயர் அளவோடு சேர்ந்தே பயன் தரும்.

மூன்றாவது, பொருள் மயக்கம் தரும் பெயர்கள். ‘வண்டல்’ இவற்றுள் முதன்மையானது. புவியியல் பாடநூலில் வண்டல் மண் என்பது ஆறு கொண்டுவந்து படியவைத்த மண். அது தோற்றத்தால் அமைந்த பெயர். பொறியியல் தமிழில் வண்டல் என்பது மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட துகள். அது அளவால் அமைந்த பெயர். உழவர் வழக்கில் ஏரியில் தூர்வாரி வயலுக்கு அடிக்கும் மண்ணும் வண்டலே. காவிரிப் படுகையின் வண்டல் மண் பல இடங்களில் களி மிகுந்தது. ஆகவே, பொறியியல் பொருளில் அது வண்டலன்று, களி. ‘வண்டல்’ என்னும் ஒரே சொல்லை மூன்று மூலங்களிலிருந்து திரட்டி ஒரே நெடுவரிசையில் இட்டால், இயந்திரம் முரண்பட்ட செய்தியையே கற்கும்.

பெயர் மயக்கம் நடைமுறையில் எத்துணைப் பெரிய விளைவை உண்டாக்கும் என்பதற்குச் ‘சவுடு’ என்னும் சொல் சான்று. சவுட்டு மண் என்னும் பெயரில் அளிக்கப்பட்ட குவாரி உரிமங்களைக் கொண்டு மணல் அள்ளப்படுவதாக வழக்குகள் தொடுக்கப்பட்டன. மண்ணின் கூறுகளைச் சோதித்து அறியாமல், வழக்குப் பெயரை மட்டும் கொண்டு உரிமம் வழங்கலாகாது எனச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் தீர்ப்பளித்தது. பெயரை அளவோடு பிணைக்கவேண்டும் என்னும் தேவையை இங்கு நீதித்துறையே எடுத்துரைத்துள்ளது.

வழக்குப் பெயர்கள் அறிவியலுக்குப் புறம்பானவை என இதனால் முடிவு செய்தல் பொருந்தாது. ‘லாட்டரைட்’ என்னும் அனைத்துலக அறிவியல் சொல்லின் பிறப்பு இதற்கு மறுதலையான சான்று. பிரான்சிஸ் புக்கானன் 1800–1801ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பயணம் செய்தபோது, மலபாரின் அங்காடிப்புறத்தில் மக்கள் ஒருவகைச் சிவந்த மண்பாறையைக் கருவியால் வெட்டி, காற்றில் இறுகவிட்டுக் கட்டடக் கல்லாகப் பயன்படுத்துவதைக் கண்டார். 1807இல் வெளியான தம் நூலில், செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை அடியாகக் கொண்டு அதற்குப் பெயரிட்டார். தமிழில் செம்புறாங்கல் எனவும் மலையாளத்தில் வெட்டுகல் எனவும் வழங்கும் அப்பொருளின் அறிவியல் பெயர், அம்மக்கள் அதனைப் பயன்படுத்திய முறையிலிருந்தே தோன்றியது என்பது குறிப்பிடத்தக்கது.

6. பெயரையும் அளவையும் இணைக்கும் பதிவு

தமிழ் அகராதி மரபு மண் பெயர்களைப் புறக்கணித்ததில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும், கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி போன்ற தொகுப்புகளும் ஆய்வாளர்க்குப் பெருந்துணை. எனினும், அகராதி ஒரு சொல்லுக்கு மற்றொரு சொல்லால் பொருள் கூறுவது. இயந்திரத்திற்கு வேண்டியது சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலான அளவிட்ட உறவு. இதற்கெனக் களப்பணியில் ஒவ்வொரு மண் பெயருக்கும் பின்வரும் ஐந்து கூறுகளையும் பதிவு செய்யலாம்.

அ. பெயரும் அதன் ஒலிப்பு வேறுபாடுகளும். வழங்கும் ஊர், கூறுவோரின் தொழில்.
ஆ. கூறுவோர் அம்மண்ணைப் பிற மண்ணிலிருந்து பிரித்தறியும் அடையாளம்: நிறம், ஒட்டும் தன்மை, வெடிப்பு, அதில் விளையும் பயிர்.
இ. கூறுவோரே செய்துகாட்டும் கைச்சோதனையும் அதன் முடிவும்.
ஈ. அதே குழியில், அதே ஆழத்தில் எடுத்த மாதிரியின் ஆய்வக அளவுகள்: துகள் விகிதம், நீர்ம எல்லை, நெகிழ் எல்லை.
உ. அம்மண் கட்டுமானத்தில் பயன்பட்ட விதமும், அவ்வாறு கட்டிய சுவர் நின்ற காலமும், வீழ்ந்திருப்பின் அதன் காரணமும்.

இவற்றுள் இறுதிக்கூறு தனிக்கவனத்திற்குரியது. ஆய்வகத் தரவு பெரும்பாலும் 28 நாள் வலிமையோடு நின்றுவிடுகிறது. சுவர் எத்தனை பருவமழை தாங்கியது என்பது அதில் இல்லை. அச்செய்தி ஊர் முதியோரின் நினைவிலும் பழைய சுவர்களிலும் மட்டுமே உள்ளது. சாந்தில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்தது, மண்ணை எத்தனை நாள் ஊறவைத்து மிதித்தது, வைக்கோல் சேர்த்ததா உமி சேர்த்ததா என்பன போன்ற செய்முறைச் செய்திகளும் அவ்வாறே. மண்சுவர் வீடுகள் அருகிவரும் இக்காலத்தில் இவற்றைத் திரட்டுவதற்குரிய கால எல்லை குறுகியது.

இவ்வாறு பெயரைச் சேர்ப்பதால் கணிப்பு மேம்படும் என முன்கூட்டியே கொள்ளவேண்டுவதில்லை, அதனைச் சோதித்தறியலாம். பெயர் இல்லாமல் ஒருமுறையும் பெயரோடு ஒருமுறையும் இயந்திரத்தைப் பயிற்றி, மண்ணை முழுமையாக விலக்கிச் சோதிக்கும் முறையால் இரண்டின் பிழையையும் ஒப்பிடவேண்டும். பிழை குறைந்தால் அப்பெயர் அளவுகளுக்கு எட்டாத செய்தியைத் தாங்கியுள்ளது என்பது உறுதியாகும். குறையாவிடின் அப்பெயரைத் தரவிலிருந்து நீக்கலாம். கணிப்பில் ஒவ்வோர் உள்ளீட்டின் பங்கையும் பகுத்துக்காட்டும் முறையொன்றைப் பொருளியலறிஞர் லாயிட் ஷேப்லி 1953இல் வகுத்த பங்கீட்டுக் கோட்பாட்டின் அடிப்படையில் லண்ட்பெர்க், லீ ஆகியோர் 2017இல் உருவாக்கினர். ஒரு குறிப்பிட்ட கல்லின் வலிமைக் கணிப்பில் ‘கரிசல்’ என்னும் சொல் எவ்வளவு கூட்டியது, குறைத்தது என்பதை அதன்வழி எண்ணாகக் காணலாம். சொல்லின் பொருட்செறிவை அளவிட்டறியும் வாய்ப்பாகவும் இது சொற்பொருளியல் ஆய்வுக்கு அமைகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

மண்கல் வடிவமைப்பில் இயந்திரக் கற்றலின் உண்மையான பயன், மண்ணை அறியாததால் சேர்க்கப்படும் கூடுதல் சிமெண்ட்டைத் தவிர்ப்பதிலும், குறைவான சேர்மானத்தால் விளையும் இடரைத் தவிர்ப்பதிலும் உள்ளது.

கற்களின் எண்ணிக்கையைக் கொண்டு தரவின் அளவை மதிப்பிடுதல் பிழை. மண்களின் எண்ணிக்கையே தரவின் உண்மை அளவு. மண்ணை விலக்கிச் சோதிக்காத துல்லியம் களத்திற்கு உதவாது.

தமிழ் மண் பெயர்களுள் கரிசல் போன்றவை கனிம இயல்பைக் குறிப்பாக உணர்த்துகின்றன. செம்மண் போன்றவை பரந்துபட்டவை. வண்டல், சவுடு போன்றவை மயக்கம் தருபவை. எனவே, பெயர் அளவுக்கு மாற்றாகாது. அளவும் பெயருக்கு முழு மாற்றாகாது.

பெயர், கைச்சோதனை, ஆய்வக அளவு, சுவரின் வாழ்நாள் ஆகியவற்றை ஒரே மண் மாதிரியில் இணைத்துப் பதிவு செய்யும் சொற்றொகுப்பு இன்றியமையாதது. பொறியாளர் அளவை எடுப்பர். சொல்லின் வழக்கெல்லையையும் பொருள் வேறுபாட்டையும் பகுத்துணர்வதற்குரிய பயிற்சி தமிழாய்வாளரிடமே உள்ளது. கட்டுமானத்துறையும் தமிழ்த்துறையும் இணைந்து ஒரு வட்டத்தின் மண் பெயர்களை மட்டுமேனும் இம்முறையில் முழுமையாகத் தொகுப்பின், அது அவ்வட்டத்து மக்கள் தம் மண்ணிலேயே உறுதியான வீடு கட்டிக்கொள்வதற்கு நேரடியாக உதவும் ஆய்வாக அமையும்.